ரியலி: ஆயா சொன்ன மெய்

காரைக்குடிக்குப் பொங்கலுக்கு வந்த பேத்தியின் தட்டில் கவுனி அரிசியை வைத்தபடி, "இந்த அரிசி பர்மாவிலிருந்து நம் ஊருக்கு வந்தது" என்றார் ஆயா. "ரியலி?" என்றாள் பேத்தி. "மெய்யாகத்தான் சொல்கிறேன்!"

'ரியலி' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அகராதிகள் 'உண்மையில்' என்று எழுதுகின்றன. எனக்கென்னவோ ஆயாவின் சொல்தான் இன்னும் நெருக்கமாகப் படுகிறது.

ரியலியின் வேர், 'பொருள், பண்டம்' என்று பொருள்படும் 'ரேஸ்' என்ற லத்தீன் சொல். அதிலிருந்து 'ரியாலிஸ்' பிறந்து, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து 'ரியல்' ஆனது. ஆங்கிலச் சட்டத்தில் நிலம், வீடு போன்ற அசையாச் சொத்துக்கும் அதுவே பெயர். ஊர் எல்லையில் நிற்கும் 'ரியல் எஸ்டேட்' பலகையில் இருப்பது இந்த ரியல்தான். விற்பவர் உண்மை பேசுகிறார் என்பதற்கு அது உத்தரவாதம் அல்ல. 1930களின் பொருளாதார மந்தத்தில், கொடுத்த கடன் திரும்பாமல் பர்மாவின் நெல்வயல்கள் செட்டிநாட்டு நகரத்தார் கைக்கு வந்தனவே, அவையும் இந்த வகைச் சொத்துதான். பிறகு அவை கைவிட்டுப் போனது தனிக் கதை.

ஆக, தொட்டறியும் பொருளைக் குறித்த சொல் உண்மையைக் குறிக்கலானது. தமிழில் 'மெய்' என்றால் உடம்பு, உண்மையும் அதுவே. 'நிஜம்' வடமொழியில் 'தன்னுடையது' என்ற பொருளில் தொடங்கியது; அதன் வழி வேறு.

ஆனால் எல்லா இடத்திலும் 'மெய்யாகவே' பொருந்தாது. பணியாரம் 'ரியலி' சுவை என்றால் அங்கே உண்மைக்கு வேலையில்லை, அளவுக்குத்தான் வேலை. 'மிக' போதும், 'ரொம்ப' இன்னும் இயல்பு. அது 'நிரம்ப' என்பது தேய்ந்து வந்த சொல். 'உறு, தவ, நனி' மூன்றும் மிகுதியைச் சொல்லும் என்கிறது தொல்காப்பியம். பணியாரம் நனி சுவை என்று ஆயாவிடம் சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்.

எதிர்மறையில்தான் கவனம் வேண்டும். 'ஐ ரியலி டோன்ட் லைக் இட்' என்று ரியலி முன்னால் வந்து மறுப்பு பின்னால் வந்தால் 'சற்றும் பிடிக்கவில்லை'. 'ஐ டோன்ட் ரியலி லைக் இட்' என்று மறுப்பு முந்திக்கொண்டால் 'அவ்வளவாகப் பிடிக்கவில்லை'. தனியாக 'நாட் ரியலி' என்றால் 'அப்படியொன்றும் இல்லை' என்ற மழுப்பல்.

"இன்னும் கொஞ்சம் வைக்கவா?" என்று கேட்ட ஆயாவிடம் பேத்தி அதைத்தான் சொன்னாள். ஆயாவின் காதில் 'ரியலி' மட்டும் விழுந்தது. இன்னொரு கரண்டி வைத்தார்.