மனோமின் காட்டரிசி அல்ல

வட அமெரிக்கப் பழங்குடிகளின் உணவைப் பற்றித் தமிழில் எது வந்தாலும் கூடவே ‘காட்டு அரிசி’யும் வந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் ‘வைல்டு ரைஸ்’. வைல்டு என்றால் காட்டு, ரைஸ் என்றால் அரிசி, மொழிபெயர்ப்பாளர் வேலை முடிந்தது. வட அமெரிக்கப் பெரிய ஏரிகளை ஒட்டி வாழும் ஓஜிப்வே இனப் பெண்கள் ‘காட்டுக்குள் சென்று காட்டரிசி அறுவடை செய்தார்கள்’ என்று எழுதும் அளவுக்கு இது போயிருக்கிறது. காட்டுக்குள் போனால் ஒரு மணிகூடக் கிடைக்காது. அது ஏரியில் விளையும் ஒரு புல்லின் மணி. போதாக்குறைக்கு அங்கே அதை யாரும் அறுப்பதும் இல்லை.

ஓஜிப்வே மொழியில் அதன் பெயர் மனோமின். ‘மின்’ என்ற ஈறு மணிக்கும் சிறு கனிக்கும் பொது. மக்காச்சோளம் அவர்களுக்கு மண்டாமின். முன்பகுதியை ‘நல்ல’ என்று கொண்டு ‘நல்ல மணி’ எனப் பொருள் சொல்வது வழக்கம். மெனாமினி என்ற இனத்தின் பெயரே இதிலிருந்து வந்ததுதான். பிரெஞ்சுக்காரர்கள் இதைப் ‘பித்துப்பிடித்த ஓட்ஸ்’ என்றார்கள். தாவரவியல் பெயரான சிசானியா, கோதுமைக்குள் முளைக்கும் களைக்குரிய கிரேக்கச் சொல். மத்தேயு நற்செய்தியில் பகைவன் இரவில் விதைத்துப் போகும் ‘களைகள்’ அதே சொல்தான். வெளியார் வைத்த பெயர் ஒன்றிலும் மரியாதை இல்லை.

தமிழ்ப் பெயரில் ‘அரிசி’ தவறு என்று சிலர் சொல்வார்கள். நெல்லும் இதுவும் பங்காளிகள்தாம், ஒரே பேரினம் அல்ல, ஆகவே அரிசி என்னக் கூடாதாம். இது ஆங்கிலத்தை வைத்துத் தமிழை அளப்பது. நமக்குத் தினையரிசி உண்டு, வரகரிசி உண்டு, மூங்கிலரிசியும் உண்டு. உமி நீக்கிய மணி எதுவானாலும் அரிசி. குற்றம் ‘காட்டு’ என்பதில்தான். தமிழில் பல வட்டாரங்களில் காடு என்றால் புன்செய். ‘காட்டு வேலைக்குப் போகிறேன்’ என்பவர் வனத்துக்குப் போவதில்லை. முழங்கால் முதல் இடுப்பளவு தண்ணீரில் நின்று வளரும் புல்லுக்கு மானாவாரிப் பெயர் சூட்டுகிறோம். ‘தண்ணீர்மேல் உணவு விளையும் இடம்வரை போங்கள்’ என்ற வாக்கைக் கேட்டே தங்கள் முன்னோர் மேற்கே பெரிய ஏரிகளுக்கு வந்ததாக, ஓஜிப்வேயரையும் உள்ளடக்கிய அனிஷினாபே மக்கள் சொல்கிறார்கள். அந்தத் தண்ணீரைப் பெயரிலிருந்து வடித்துவிட்டால் மிச்சம் என்ன?

‘தானாக விளைந்தது’ என்பதும் பாதி உண்மை. முற்றும் முன்பே கதிர்களைக் கற்றை கற்றையாக மரநாரால் கட்டி, இன்ன குடும்பத்துக்கு இன்ன பகுதி என்று குறித்திருக்கிறார்கள். வேண்டுமென்றே விதையைத் தண்ணீரில் உதிரவிட்டிருக்கிறார்கள். ஓஜிப்வேயர் அமெரிக்க அரசோடு செய்த 1837 உடன்படிக்கையிலேயே இதைச் சேகரிக்கும் உரிமை பெயர் சொல்லி எழுதப்பட்டிருக்கிறது.

பழந்தமிழ்ப் பற்றாளர்கள் கொண்டுவரும் போட்டிச் சொல் ‘குளநெல்’. கேட்க அழகு, நீரும் இருக்கிறது. ஆனால் அது ஏற்கெனவே வேலையில் இருக்கும் சொல். வடமொழியில் நீவாரம் என்பதே குளநெல். அது உண்மையிலேயே நெல்லின் இனம். இருக்கும் பயிரின் பெயரைப் பிடுங்கி இன்னொரு கண்டத்துப் புல்லுக்குக் கொடுத்தால், நாளை நீவாரத்தைப் பற்றி எழுதுபவர் எந்தச் சொல்லுக்குப் போவார்? ‘ஐவனம்’ என்று எழுதியவர்களும் உண்டு. அது மலைநெல், ஏரிக்கும் அதற்கும் ஏழாம் பொருத்தம். சங்கச் சொல் என்பதாலேயே ஒரு சொல் பொருந்திவிடாது.

சங்கத் தொடர்புதான் வேண்டுமென்றால் புல்லரிசியைப் பார்க்கலாம். பெரும்பாணாற்றுப்படையில் எயிற்றியர், அதாவது பாலை நில வேட்டுவப் பெண்கள், சேர்த்துவந்து நில உரலில் இட்டுக் குற்றுவது ‘நுண்புல்’; உரையில் அது புல்லரிசி. விதைக்காமல் சேர்த்துக்கொள்ளும் புல்லின் மணி என்ற பொருள் அதிலேயே இருக்கிறது. முன்னால் நீரைச் சேர்த்தால் நீர்ப்புல்லரிசி. அந்த மக்களைப் பற்றி எழுதும்போது மனோமின் என்றே எழுதிவிட்டு, முதல் இடத்தில் மட்டும் இந்தச் சொல்லால் விளக்கினால் போதும்.

‘அறுவடை’யையும் விட்டுவிடலாம். ஒருவர் கவைக்கோலால் படகை உந்துவார். மற்றவர் ஒரு கோலால் தாளைப் படகுக்குள் வளைத்து, இன்னொன்றால் மெல்லத் தட்டுவார். முற்றியது உதிரும், முற்றாதது நின்று, சில நாள் கழித்து அடுத்த சுற்றுக்குக் கிடைக்கும். ஓங்கி அடித்தால் தாள் ஒடியும், அடுத்த சுற்றும் போகும். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநில விதியே தட்டுக்கோல் 30 அங்குலத்துக்கும் 1 பவுண்டுக்கும் மிகக்கூடாது என்கிறது. இது உதிர்ப்பு, அறுப்பு அல்ல.

அடுத்த கட்டத்தை ‘உலர்த்தல்’ என்று முடித்துவிடுகிறார்கள். உலர்த்தியபின் இரும்புக் கொப்பரையில் துடுப்பால் கிளறிக்கொண்டே வறுக்க வேண்டும். கை நின்றால் கருகும். வறுவல் குறைந்தால் உமி கழலாது, மணியும் பூசணம் பிடிக்கும். பிறகு குழியில் இட்டு, மென்தோல் காலணியோடு ஒருவர் கம்பைப் பிடித்துக்கொண்டு, உடல் பாரம் இறங்காமல் மிதிப்பார். பாரம் இறங்கினால் குருணைதான். கடைசியில் பூர்ச்ச மரப்பட்டை முறத்தில் புடைப்பது.

‘கறுப்பு அரிசி’ என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. அது கவுனி வகை நெல்லின் பெயர். கன்னங்கரேலென்று கடையில் கிடைக்கும் சிசானியா பெரும்பாலும் வயலில் பயிரிட்டது. மின்னசோட்டாவில் அதை விற்பவர் அப்படியே குறிப்பிட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. ஏரியில் உதிர்த்துக் கையால் வறுத்தது பழுப்பும் இளம்பச்சையும் கலந்திருக்கும். சமையல் குறிப்பை மொழிபெயர்ப்பவர் எது என்று பார்த்து எழுதட்டும்: பழுப்பு மணி 15 முதல் 25 நிமிடத்தில் வெந்துவிடும், கறுப்புக்கு முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் வேண்டும்.