அழிக்கும் தேதியை எங்கிருந்து எண்ணுவது?

இன்டர்னல் ஆடிட்டுக்குப் போகும் இடங்களில் நான் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "உங்கள் கம்ப்யூட்டர்களில் இருக்கும் பதிவுகளை எவ்வளவு காலம் வைத்திருப்பீர்கள்?" பெரும்பாலும் இரண்டு பதில்கள்தான் வரும். "எதையும் அழிக்க மாட்டோம் சார், எல்லாம் அப்படியே இருக்கும்" என்பது ஒன்று. "எட்டு வருஷம்" என்பது இன்னொன்று. முதல் பதில் ஆபத்தானது. இரண்டாவது பாதி சரி. எந்தத் தேதியிலிருந்து எட்டு வருஷம் என்று அடுத்துக் கேட்டால், அக்கவுன்டன்ட் முதலாளியைப் பார்ப்பார். முதலாளி ஆடிட்டருக்குப் போன் போடுவார்.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவதும் அதைத்தான். எத்தனை வருஷம் என்பதைத் தேடிக் கண்டுபிடிப்பது சுலபம். எந்த நாளிலிருந்து எண்ணத் தொடங்குவது, எண்ணிக்கை முடிந்ததும் அழிக்க வேண்டியது யார் பொறுப்பு, நடுவில் அதை நிறுத்திவைக்கும் அதிகாரம் யாருக்கு என்ற மூன்றும்தான் எழுதி வைக்கப்படாமல் கிடக்கின்றன.

கணக்கிலிருந்தே தொடங்குவோம். எட்டு என்ற எண் 2013ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 128ஆம் பிரிவில் இருக்கிறது. நடப்பு நிதியாண்டுக்கு முந்தைய 8 நிதியாண்டுகளின் கணக்குப் புத்தகங்களும் அவற்றுக்கான வவுச்சர்களும் கையில் இருக்க வேண்டும். ஜிஎஸ்டி சட்டத்தின் 36ஆம் பிரிவு வேறு விதமாக எண்ணுகிறது. அந்த ஆண்டுக்கான ஆண்டு ரிட்டர்னைத் தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள். 72 மாதம் என்றால் ஆறு வருஷம்தானே என்று சொல்லி, நிதியாண்டு முடிந்த மார்ச்சிலிருந்து எண்ணுபவர்கள் நிறையப் பேர்.

2018-19ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 2019 மார்ச்சில் ஆண்டு முடிந்தது, ஆறு வருஷம் ஆயிற்று என்று 2025 மார்ச்சில் பில்களை எல்லாம் அழித்த ஒரு பார்ட்னர்ஷிப் நிறுவனத்தைப் பார்த்தேன். ஆனால் அந்த ஆண்டின் ரிட்டர்னுக்கான கடைசித் தேதி பலமுறை தள்ளிப்போய், 2020 டிசம்பர் 31இல் வந்து நின்றது. அங்கிருந்து 72 மாதம் என்றால் 2026 டிசம்பர் 31. அதாவது 21 மாதம் முன்னதாகவே அழித்திருக்கிறார்கள். இதே இடத்தில் ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனி இருந்தால், கம்பெனிச் சட்டக் கணக்குப்படி 2027 மார்ச் 31 வரை வைத்திருக்க வேண்டும். இரண்டு தேதிகள் வந்தால் பிந்தியதுதான் செல்லும். அந்த ஆண்டு தொடர்பாக ஜிஎஸ்டி அப்பீலோ விசாரணையோ நடந்தால், அது முடிவாகி ஒரு வருஷம் ஆகும் நாள், 72 மாதம் முடியும் நாள், இவற்றில் எது பிந்தியதோ அதுவரை.

மற்றப் பதிவுகளுக்கும் இப்படி ஒரு தொடக்க நாள் உண்டு. ஒப்பந்தத்துக்குக் கையெழுத்திட்ட நாளிலிருந்து எண்ணக் கூடாது. அது முடிந்த நாளிலிருந்து, பாக்கி ஏதும் இருந்தால் அது தீர்ந்த நாளிலிருந்து எண்ண வேண்டும். பணம் வரவேண்டிய வழக்குகளுக்குக் காலவரையறைச் சட்டம் பொதுவாகத் தருவது 3 வருஷம் என்பதால், அதற்குக் குறைவாக யோசிக்கவே வேண்டாம். ஊழியரின் கோப்புக்கு அவர் வேலையை விட்ட நாள். வேலை கேட்டு வந்து கிடைக்காமல் போனவரின் விண்ணப்பத்துக்கு, அந்த இடம் நிரம்பிய நாள்.

இந்தக் கடைசி வகையைத்தான் யாரும் கவனிப்பதில்லை. திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தின் எச்ஆர் கம்ப்யூட்டரில் 'இன்டர்வியூ' என்று ஒரு ஃபோல்டர். உள்ளே வருஷவாரியாகப் பத்துக்கும் மேற்பட்ட ஃபோல்டர்கள். திறந்தால் பயோடேட்டா, ஆதாரின் முன்பக்கம், பின்பக்கம், பேன் கார்டு, பாங்க் பாஸ்புக்கின் முதல் பக்கம், சிலருக்கு மெடிக்கல் ரிப்போர்ட் வேறு. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வேலை தேடி வந்து, ஒரு நாள் மட்டும் அந்தக் கேட்டுக்குள் நுழைந்து, வேலை கிடைக்காமல் திரும்பிப் போனவர்களும் அதில் இருக்கிறார்கள். ஃபைலின் பெயரே ஆளின் பெயரும் போன் நம்பரும்தான். அந்த ஃபோல்டருக்குப் பாஸ்வேர்டு கிடையாது. நெட்வொர்க்கில் பொதுவாகப் பகிரப்பட்டிருந்ததால் தையல் பிரிவு சூப்பர்வைசரின் கம்ப்யூட்டரிலிருந்தே திறக்க முடிந்தது. எதற்காக வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். "யாரும் அழிக்கச் சொல்லலையே சார்" என்றார் எச்ஆர் அலுவலர். அவர் சொன்னது உண்மை. அழிக்கச் சொல்ல வேண்டியவர் யார் என்று அந்த நிறுவனத்தில் யாருக்கும் தெரியாது.

இருந்துவிட்டுப் போகட்டுமே, இடமா பிரச்சினை, ஹார்ட் டிஸ்க் விலை என்ன என்று கேட்பவர்களுக்கு நான் ஆஸ்திரேலியாவில் நடந்ததைச் சொல்வது வழக்கம். லாட்டிட்யூட் ஃபைனான்ஷியல் என்ற கடன் நிறுவனத்தில் 2023 மார்ச்சில் தகவல் திருட்டு நடந்தது. சுமார் 79 லட்சம் டிரைவிங் லைசென்ஸ் எண்கள் போயின. அவற்றில் திருட்டுக்கு முந்தைய பத்தாண்டுகளில் வாங்கப்பட்டவை 32 லட்சம் மட்டுமே. அவற்றோடு பெயர், முகவரி, பிறந்த தேதி கொண்ட 61 லட்சம் பதிவுகளும் போயின. அவை 2005 வரை பின்னோக்கிப் போகின்றன. பெரும்பகுதி 2013க்கு முன்பு வாங்கியவை. என்றோ ஒருமுறை கடன் கேட்டு விண்ணப்பித்தவர், பல வருஷம் கழித்துத் தன் அடையாளத்தைப் பறிகொடுக்கிறார். திருடியவன் குற்றவாளி, அதில் சந்தேகமில்லை. ஆனால் திருடுவதற்கு அவ்வளவு பழைய சரக்கை எடுத்து வைத்தது நிறுவனம்.

நம் நாட்டிலும் சட்டம் இப்போது இதைக் கேட்கிறது. 2023ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 8ஆம் பிரிவு, எந்த நோக்கத்துக்காகத் தகவல் வாங்கப்பட்டதோ அந்த நோக்கம் முடிந்துவிட்டால், வேறு சட்டம் வைத்திருக்கச் சொல்லாத பட்சத்தில், அழித்துவிட வேண்டும் என்கிறது. இதற்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன; முக்கியமான கடமைகள் 18 மாத அவகாசத்துக்குப் பிறகு நடைமுறைக்கு வருகின்றன. பாதுகாப்பில் கோட்டை விட்டால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். சிறிய நிறுவனத்துக்கு அவ்வளவு விதிக்கப் போவதில்லை என்று சிலர் ஆறுதல் சொல்லிக்கொள்கிறார்கள். அபராதத்தை விடுங்கள். அந்த ஆதார் நகலை வைத்து ஒருவர் பெயரில் கடன் வாங்கப்பட்டால், மாதச் சம்பளம் பதினைந்தாயிரம் வாங்கும் அந்த மனிதர் எந்த ஸ்டேஷனில் போய் நிற்பார்?

இதைக் கேட்டவுடன் வேகமாக எல்லாவற்றையும் அழிக்கக் கிளம்புபவர்களும் உண்டு. கொஞ்சம் நிற்க வேண்டும். ஒரு தொழிலாளி 26 வயதில் வேலையை விட்டுப் போகிறார் என்று வையுங்கள். பி.எஃப். பென்ஷனுக்கு 10 வருஷ சர்வீஸ் வேண்டும். முழுப் பென்ஷன் 58 வயதில் தொடங்கும். இடையில் பல கம்பெனி மாறியிருப்பார். தந்தை பெயரில் ஒரு எழுத்து தவறு, விலகிய தேதி பதிவாகவில்லை என்று ஏதாவது ஒன்று முளைக்கும். திருத்துவதற்கு ஜாயின்ட் டிக்ளரேஷன் (கூட்டு உறுதிமொழி) கேட்பார்கள். பல சமயம் அதில் பழைய முதலாளியும் உறுதி செய்ய வேண்டியிருக்கும். முப்பது வருஷம் கழித்து வந்து நிற்கும் அவருக்கு, "எட்டு வருஷத்துக்கு மேல் நாங்கள் வைப்பதில்லை" என்று பதில் சொன்னால் அது எவ்வளவு பெரிய அநியாயம்!

இதற்கு நான் சொல்லும் வழி, பதிவைக் காலப்போக்கில் சுருக்குவது. ஊழியர் விலகி, கணக்குத் தீர்ந்து, சட்டக் கெடுவும் முடிந்த பிறகு ஆதார் நகல், பாஸ்புக் நகல், குடும்பப் புகைப்படம், மெடிக்கல் ரிப்போர்ட் எல்லாம் போகட்டும். பெயர், தந்தை அல்லது கணவர் பெயர், பிறந்த தேதி, யுஏஎன் என்னும் பி.எஃப். எண், சேர்ந்த தேதி, விலகிய தேதி, காரணம் என ஒரே ஒரு வரி நிரந்தரமாக இருக்கட்டும், கூடவே சம்பளப் பட்டியல் சுருக்கமும். தொழிலாளிக்குத் தேவையானது இருக்கும். திருடனுக்குத் தேவையானது இருக்காது. கோப்பை முழுதாக வை அல்லது முழுதாக அழி என்ற இரண்டே வழிதான் என்று நினைப்பதால்தான் பலரும் தடுமாறுகிறார்கள்.

அடுத்தது நிறுத்திவைப்பது. சிசிடிவியில் பழைய பதிவின் மேல் புதிய பதிவு தானாகவே ஏறும். டிஸ்க்கின் அளவைப் பொறுத்து 15 நாளோ 30 நாளோதான் நிற்கும். ஒரு ஆலையில் விபத்து. தொழிலாளியின் விரல் மெஷினில் சிக்கியது. இழப்பீட்டுப் பேச்சு இரண்டு மாதம் கழித்துத்தான் வந்தது. பாதுகாப்புக் கவசத்தைக் கழற்றியது யார் என்று காட்டியிருக்கக்கூடிய காட்சி அதற்குள் போய்விட்டது. இதில் யாரும் வேண்டுமென்று எதையும் அழிக்கவில்லை. விபத்து நடந்த அன்றே அந்தக் காட்சியைத் தனியே எடுத்து வைக்கச் சொல்ல ஒரு ஆள் நியமிக்கப்படவில்லை, அவ்வளவுதான். விபத்து, போலீஸ் புகார், வக்கீல் நோட்டீஸ், துறை விசாரணை, பாலியல் தொல்லை புகார் இவற்றில் எது வந்தாலும், வரும்போல் தெரிந்தாலும், சம்பந்தப்பட்ட பதிவுகளின் கடிகாரம் அந்த நிமிஷமே நிற்க வேண்டும். எழுத்துமூலம் நிறுத்த வேண்டும், நிறுத்தியவரே எழுத்துமூலம் விடுவிக்கவும் வேண்டும்.

என்ரான் என்ற அமெரிக்க எரிசக்தி நிறுவனத்துக்கு ஆடிட்டராக இருந்த ஆர்தர் ஆண்டர்சன் நிறுவனத்தின் கதை ஆடிட் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரிந்ததுதான். என்ரானின் கணக்கு மோசடி வெடிக்கவிருந்த 2001 அக்டோபரில், ஆவணப் பராமரிப்புக் கொள்கையைப் பின்பற்றுங்கள் என்று உள்ளுக்குள் நினைவூட்டல் போனது. அதன்பின் காகிதங்களும் ஈமெயில்களும் ஏராளமாக அழிக்கப்பட்டன. அதற்காக ஆண்டர்சன் 2002இல் தண்டிக்கப்பட்டு, 2005இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தபோது, ரத்தை அனுபவிக்க அந்தப் பழைய நிறுவனம் இல்லை. கொள்கை இருந்தும் சாதாரண நாட்களில் கடைப்பிடிக்காமல், விசாரணை வாசலுக்கு வந்த பிறகு தூசி தட்டினால், பார்ப்பவருக்கு அது சாட்சியை அழிப்பதாகத்தான் தெரியும்.

தொழில்நுட்பப் பக்கம் சில விஷயங்கள். பேக்கப் வேறு, பாதுகாத்து வைப்பது வேறு. பேக்கப் என்பது நேற்றைய நிலைக்குத் திரும்புவதற்கு. ஐந்து வருஷத்துக்கு முந்தைய ஒரு பில்லைத் தேடி எடுப்பதற்கு இல்லை. கம்பெனிகள் தங்கள் கணக்கு டேட்டாவின் பேக்கப்பைத் தினமும் இந்தியாவில் உள்ள சர்வரில் எடுக்க வேண்டும் என்பது விதி. 2023 ஏப்ரல் 1 முதல் கணக்கு சாஃப்ட்வேரில் யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்று காட்டும் எடிட் லாகும் கட்டாயம். அது பாதுகாக்கப்படுகிறதா என்றும் ஆடிட்டர் அறிக்கையில் சொல்ல வேண்டும். டேட்டா கனத்துவிட்டது என்று பழைய வருஷங்களை எக்செலில் இறக்கிவிட்டு மூல ஃபைலை அழித்தால், எண்கள் மிஞ்சும், எடிட் லாக் போய்விடும்.

அழித்ததாக நினைப்பது பேக்கப்பில் உயிரோடு இருக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. சர்வர் பழுதாகி ஆறு மாதத்துக்கு முந்தைய பேக்கப்பைத் திருப்பி ஏற்றினால், அழித்த ஆதார் நகல்கள் எல்லாம் திரும்ப வந்து உட்காரும். எதை எப்போது அழித்தோம் என்ற பட்டியல் இருந்தால்தான் மறுபடியும் அழிக்க முடியும்.

ஈமெயிலில் நேர்மாறான தொல்லை. ஊழியர் விலகியதும் லைசென்ஸ் பணம் மிச்சம் என்று ஐடி ஆள் அவரது அக்கவுன்டை நீக்கிவிடுவார். கூகுள் வொர்க்ஸ்பேஸில் நீக்கிய அக்கவுன்டை மீட்க 20 நாள்தான் அவகாசம். அதற்கு மேல் போனால் அந்த மெயில்கள் போனதுதான். வாட்ஸ்அப் இன்னும் மோசம். பையரின் ஆர்டர் மாற்றம், ஆர்டர்களைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசரின் சொந்தப் போனுக்கு வரும். அவர் வேலையை விட்டால் ஆர்டரின் வரலாறும் அவரோடு போகும். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்தால் போதாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, மின்னணுப் பதிவு எங்கிருந்து வந்தது, எங்கே போனது, எந்தத் தேதி, எந்த நேரம் என்று அறியும் விவரங்களோடு, பின்னாளிலும் திறந்து பார்க்கும் நிலையில் இருக்க வேண்டும் என்கிறது. கோர்ட்டுக்குப் போனால் பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி சான்றிதழும், ஃபைல் மாற்றப்படவில்லை என்று காட்டும் ஹேஷ் மதிப்பும் கேட்பார்கள். வியாபார முடிவு எதுவானாலும் அன்றைக்கே கம்பெனி மெயிலில் ஒரு வரி உறுதிப்படுத்தி வாங்கிவிடுங்கள் என்றுதான் நான் எல்லோரிடமும் சொல்கிறேன்.

கம்ப்யூட்டரில் நடப்பவற்றைத் தானாகப் பதியும் சிஸ்டம் லாக்களை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்று 2022 ஏப்ரலில், அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் உத்தரவிட்டது. தனிநபர் தரவு விதிகள் அந்தத் தரவு தொடர்பான லாக்களை ஒரு வருஷம் வைக்கச் சொல்கின்றன. ஒரு வருஷம் என்றே வைத்துவிடுவது நல்லது.

இவ்வளவையும் எங்கே எழுதி வைப்பது? முப்பது பக்கக் கொள்கை ஆவணம் வேண்டாம். யாரும் படிக்க மாட்டார்கள். ஒரு எக்செல் தாள் போதும். பதிவின் வகை, எங்கே இருக்கிறது, எண்ணத் தொடங்கும் நாள், எவ்வளவு காலம், எந்தச் சட்டம் அல்லது எந்தத் தேவை, யார் பொறுப்பு. பொறுப்பு என்ற கட்டத்தில் 'ஐடி' என்று எழுதாதீர்கள். எச்ஆர் பதிவுக்கு எச்ஆர் மேனேஜர், கணக்குப் பதிவுக்கு அக்கவுன்ட்ஸ் மேனேஜர் என்று பதவியைப் போடுங்கள். ஐடி ஆள் அழித்துக் கொடுப்பார். எதை அழிப்பது என்று முடிவு செய்ய வேண்டியவர் அவர் இல்லை. ஆண்டு ரிட்டர்ன் வேலை முடிந்த ஜனவரியில் ஒரு நாளை ஒதுக்கி, கெடு முடிந்தவற்றைப் பட்டியலிட்டு, நிறுத்திவைத்தவை அதில் இருக்கின்றனவா என்று பார்த்து, இரண்டு பேர் கையெழுத்திட்ட பிறகு அழியுங்கள். அந்தக் கையெழுத்துப் பட்டியலை மட்டும் என்றைக்கும் அழிக்காதீர்கள்.

அழிப்பது என்றால் ரீசைக்கிள் பின்னில் போடுவது இல்லை. சாதாரண ஹார்ட் டிஸ்க்கில் பழைய தகவலின் மேல் முழுதாக வேறு தகவலை எழுத வேண்டும். எஸ்எஸ்டியாக இருந்தால் அதன் தயாரிப்பாளர் தரும் செக்யூர் எரேஸ் வசதியைப் பயன்படுத்த வேண்டும். பழைய கம்ப்யூட்டரைக் காயலான் கடையில் எடைக்குப் போடாமல், பதிவு பெற்ற மின்கழிவு மறுசுழற்சி நிறுவனத்திடம் சீரியல் நம்பரோடு ரசீது வாங்கிக் கொடுங்கள். வாடகைக்கு எடுத்த பெரிய ஜெராக்ஸ் மெஷின்கள் பலவற்றின் உள்ளேயும் ஒரு ஹார்ட் டிஸ்க் இருக்கிறது. ஸ்கேன் செய்த ஒவ்வொரு பக்கத்தின் பிம்பமும் அதில் தங்கியிருக்கலாம். வாடகைக் காலம் முடிந்து வண்டியில் ஏற்றும் முன், சர்வீஸ் ஆளை வரவழைத்து உங்கள் கண் முன்னாலேயே அதை அழிக்கச் சொல்லி, எழுதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.