உங்கள் ஏஐ சொல்லும் பதிலுக்கு நீங்கள்தான் பொறுப்பு

குன்னூர், கோத்தகிரி பக்கம் காட்டேஜ், பேக்கரி, சிறு தேயிலைத் தொழிற்சாலை நடத்துகிறவர்கள் பலருக்கு நான் கணக்கும் ஜிஎஸ்டியும் பார்க்கிறேன். "நாமளும் ஏஐ போட்டுடலாமா சார்?" என்று இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஏப்ரல், மே சீசனில் ராத்திரி பதினொரு மணிக்கும் வாட்ஸ்அப்பில் 'ரூம் இருக்கா?' என்று வந்துகொண்டே இருக்கும். இரண்டே ஆளை வைத்து நடத்துகிற இடத்தில் யார் உட்கார்ந்து பதில் போடுவது? தாராளமாகப் போடுங்கள் என்றுதான் நானும் சொல்கிறேன். ஆனால் எந்த வேலையை அதனிடம் விடுவது என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு காட்டேஜில் தானாகப் பதில் போடும் ஏஐ வைத்தார்கள். பெங்களூரிலிருந்து ஒரு குடும்பம், "சாயங்காலம் ஐந்து மணிக்குக் கிளம்பினால் எப்போது வந்து சேருவோம்?" என்று கேட்டது. மைசூரு, பந்திப்பூர் வழியாக நள்ளிரவுக்குள் வந்துவிடலாம் என்று மரியாதையாகப் பதில் போனது. தூரக் கணக்கு சரிதான். ஆனால் பந்திப்பூர் சாலையை இரவு 9 மணிக்கு மூடினால் காலை 6 மணிக்குத்தான் திறப்பார்கள். மேனேஜர் அந்தப் பதிலைப் பார்த்துவிட்டு உடனே போன் செய்ததால், அவர்கள் குழந்தைகளோடு காட்டு கேட்டில் இரவைக் கழிக்காமல் தப்பித்தார்கள்.

அந்த மென்பொருள் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. ஏராளமான எழுத்தைப் படித்து, அடுத்து எந்தச் சொல் வர வாய்ப்பு அதிகம் என்று கணித்து எழுதுவதுதான் அதன் வேலை. தெரியாத இடம் வந்தாலும் பெரும்பாலும் தயங்காது, அதே உறுதியோடு எழுதிக்கொண்டு போகும். நம் மலையிலோ விதிகள் அதிகம். உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் வந்தது. சீசனில் மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வழியாக ஏறி, கோத்தகிரி வழியாக இறங்கச் சொல்வார்கள். பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலுக்குத் தடை. இதையெல்லாம் ஒரே பக்கத்தில் தேதியோடு எழுதி, அதற்குள் இருப்பதை மட்டும் சொல்லும்படியும், மற்ற கேள்விகளை மேனேஜருக்குத் தள்ளும்படியும் அமையுங்கள். அந்தப் பக்கத்தை மாதம் ஒருமுறை திருத்த ஒருவரைப் பெயர் சொல்லி நியமியுங்கள். இந்த ஒரு பக்கத்தை எழுதாமல் ஏஐக்குச் சந்தா கட்டுவது வீண் செலவு.

"பதில் சொன்னது மெஷின், நான் இல்லை" என்று சமாளிக்கவும் முடியாது. ஏர் கனடா விமான நிறுவனத்தின் சாட்பாட் (கேள்விக்குத் தானாகப் பதில் சொல்லும் மென்பொருள்), குடும்பத்தில் இறப்பு நேர்ந்து பயணம் செய்த ஒருவரிடம் கட்டணச் சலுகை பற்றித் தவறாகச் சொல்லிவிட்டது. சாட்பாட்டின் பேச்சுக்குத் தான் பொறுப்பில்லை என்று நிறுவனம் வாதாடியது. 2024 பிப்ரவரியில் கனடாவின் தீர்ப்பாயம் அதை ஏற்காமல், சுமார் 812 கனடிய டாலர் கொடுக்கச் சொன்னது. அது வேறு நாட்டுத் தீர்ப்புதான், ஆனால் நம் விருந்தாளியும் உங்களைத்தானே பிடிப்பார்?

வரி விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். நாள் வாடகை 7,500 ரூபாய் வரையுள்ள அறைக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 5 சதவீதம், உள்ளீட்டு வரி வரவு (நாம் வாங்கும் பொருளுக்குக் கட்டிய வரியைக் கழித்துக்கொள்வது) கிடையாது. அதற்கு முன் 12 சதவீதம். பழைய தகவலை வைத்துப் பதில் சொல்லும் ஏஐ, 12 என்றே பில் போட்டுக் கொடுக்கும். விகிதத்தை அதனிடம் கேட்காதீர்கள், உங்கள் ஆடிட்டரிடம் கேளுங்கள்.

அப்புறம், எனக்கு உண்மையிலேயே பயம் தரும் விஷயம் ஒன்று. விருந்தாளிகளின் ஆதார் படங்களை மொத்தமாக ஒரு இலவச ஏஐ செயலியில் போட்டு, பெயர்ப் பதிவேடு தயாரிக்கிறார்கள். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்தில் அரசுக்கு விவரம் அனுப்ப வேண்டும் என்பதால் பாஸ்போர்ட்டும் அதே வழியில் போகிறது. அந்தப் படங்கள் எந்த சர்வரில் கிடக்கும், யார் பார்ப்பார்கள் என்று உங்களால் சொல்ல முடியுமா? 2023-ல் நிறைவேறிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். நம்மைப் போன்ற சிறிய இடத்துக்கு அவ்வளவு போட மாட்டார்கள் என்றாலும், நம்பிக் கொடுத்த ஆவணம் அது. தயவுசெய்து இன்றே நிறுத்துங்கள்.

சரி, எதற்குத்தான் பயன்படுத்துவது? விடையைச் சரிபார்க்க வழியுள்ள வேலைக்கு. ஒரு தேயிலைத் தொழிற்சாலையில் பச்சைத்தேயிலை எடை போட்ட கைச்சீட்டுகளைப் படமெடுத்து, ஏஐ மூலம் அட்டவணையாக்குகிறார்கள். அதில் விவசாயிகளின் பெயர் இல்லை, சீட்டு எண்ணும் கிலோவும் மட்டும்தான். கூட்டலை எக்செல் பார்க்கிறது. அந்தக் கூட்டுத்தொகை, தொழிற்சாலைக்குள் இறங்கியபோது போட்ட மொத்த எடையோடு ஒத்துப்போக வேண்டும். 38 கிலோ 33 ஆகிப்போனால் நஷ்டப்படுவது ஒன்றரை ஏக்கர் வைத்திருக்கும் சிறு விவசாயி. அதனால் கூட்டுத்தொகை ஒத்துப்போகாத நாளில் பட்டுவாடாவை நிறுத்தி, அன்றைய சீட்டுகளை ஒவ்வொன்றாகக் கையால் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.