மோனோலாக்: சொல்லும் அதற்கான தமிழும்

ஆர்வலர் நாடகக் குழுவினர் ஒரே மாலையில் சில குறுநிகழ்வுகளை அடுத்தடுத்து மேடையேற்றி, ஒவ்வொன்றிலும் ஒருவர் மட்டும் நின்று பேசிச் சிரிக்கவும் கலங்கவும் வைக்கும்போது, அந்நிகழ்வுகளை ‘மோனோலாக்’ என்று குறிப்பிடுகின்றனர். ‘தனி’ எனப் பொருள்படும் ‘மோனோஸ்’, ‘பேச்சு’ எனப் பொருள்படும் ‘லோகோஸ்’ ஆகிய கிரேக்கச் சொற்களை வேராகக் கொண்டு, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல் இது.

இலத்தீனிலிருந்து வந்த ‘சொலிலக்வி’ என்பதும் வேர்ப்பொருளால் தனியே பேசுதல்தான். ஆயினும் நாடக வழக்கில் அது பாத்திரம் தன் நெஞ்சோடு பேசுவதை மட்டுமே குறிக்கும். மோனோலாக் அதனினும் விரிந்தது. அதில் கேட்பவர் இருக்கலாம், ஆனால் அவர் மறுமொழி கூறுவதில்லை. நகைப்பும் துயரமும் ஒரே பேச்சில் கலப்பதற்கு இந்த மௌனமே இடந்தருகிறது என்பது என் கருத்து. இடைமறிப்பார் இல்லாததால், பேசுபவர் சொல்ல வந்ததை விட்டுச் சொல்லக் கூடாததற்குள் தாமே நுழைந்துவிடுகிறார். ரஷ்ய எழுத்தாளர் செக்காவ் 1886இல் எழுதிப் பின்னர்ப் பலமுறை திருத்திய ஓராள் நாடகத்தில், புகையிலையின் தீமைகளைப் பற்றி உரையாற்ற மனைவியால் அனுப்பப்பட்டவர், தம் மணவாழ்வின் அவலத்தையே அவையோரிடம் கொட்டித் தீர்க்கிறார்.

தமிழுக்கு இந்த வடிவம் புதிதன்று. சிலப்பதிகார உரையில் அடியார்க்கு நல்லார் நாடகத்துக்குரிய சொல்லை உட்சொல், புறச்சொல், ஆகாயச்சொல் என மூன்றாக வகுத்து, நெஞ்சொடு கூறலை உட்சொல் என்கிறார். சங்க அகப்பாடல்களிலோ புலவர் தம் குரலில் பேசாமல் தலைவி, தோழி, தலைவன் முதலியோரையே பேசவிடுகிறார். அதனாலேயே அவை ‘தலைவி கூற்று’, ‘தோழி கூற்று’ என வகுக்கப்படுகின்றன. குறுந்தொகையின் 25ஆம் பாடலில் கபிலரின் தலைவி, தலைவன் தன்னைக் களவில் கூடிய அன்று சாட்சியாக இருந்தது ஓடும் நீரில் ஆரல் மீனுக்குக் காத்திருந்த குருகு என்னும் நீர்ப்பறவை மட்டுமே என்று தோழியிடம் சொல்கிறாள். தோழியின் மறுமொழி பாடலில் இல்லை. மீனையன்றி வேறெதையும் பாராத சாட்சி என்பது முதலில் புன்னகையைத் தருகிறது. அவளுக்கு வேறு துணையில்லை என்பது உறைத்ததும் அப்புன்னகை மறைந்துவிடுகிறது.

இன்று வழங்கும் ‘தனிமொழி’ என்பது இலக்கணத்தில் தொடராத தனிச்சொல்லையும் குறிப்பதால் மயக்கம் தருகிறது. ‘ஓராள் நாடகம்’ முழு நாடகத்துக்கே பொருந்தும். ஒரு பேச்சுக்குப் பொருந்தாது. ‘தனியுரை’ எளியதே, ஆனால் சொற்பொழிவையும் நினைவூட்டுகிறது. ஆகவே மோனோலாக்குக்குத் ‘தனிக்கூற்று’ என்பதையும், சொலிலக்விக்கு ‘உட்சொல்’ என்பதையும் ஆளலாம். ‘கூற்று’ எமனையும் குறிக்குமே எனச் சிலர் தயங்கலாம். ‘தலைவி கூற்று’ என்னும்போது எவருக்கும் எமன் நினைவு வருவதில்லை.