துக்க வீட்டில் நீட்டப்படும் பத்திரம்

மறுபடியும் அதே மாதிரி ஒரு விடுதலைப் பத்திரம், அதாவது சொத்தில் தன் பங்கை விட்டுக்கொடுப்பதாக எழுதித் தரும் பத்திரம். கணவர் இறந்து ஒரு மாதம்கூட ஆகாத தேதி. எழுதிக் கொடுத்தவர் மனைவி, எழுதி வாங்கியவர் மாமியார். சில வாரத்தில் அதே சொத்து மாமியாரிடமிருந்து இளைய மகனுக்குத் தான செட்டில்மெண்ட், அதாவது பணம் வாங்காமல் தானமாக எழுதிக் கொடுத்தது. ஏன் இந்தச் சுற்று வழி என்றால், விடுதலை என்பதைச் சக பங்குதாரருக்குத்தான் எழுத முடியும். கொழுந்தனார் பங்குதாரர் அல்ல, மாமியார் பங்குதாரர். பத்திரத்தில் "யாருடைய தூண்டுதலும் இல்லாமல் முழு மனதோடு" என்ற வழக்கமான வாசகம். கீழே, ஒரு தொகையை ரொக்கமாகப் பெற்றுக்கொண்டதாக ஒரு வரி. கையெழுத்துப் போட்டவர் அந்த வரியைப் படித்திருக்கவே மாட்டார்.

ஏன் போட்டீர்கள் என்று கேட்டால் அநேகமாக இரண்டு பதில்தான் வரும். "போடலைன்னா அவரோட கடன் எல்லாம் என் தலையில விழும்னாங்க." இல்லாவிட்டால், "துக்க வீட்டுல எப்படிங்க எதிர்த்துப் பேசறது?"

இந்தக் கடன் பயத்தை முதலில் விட்டொழியுங்கள். மனைவி என்ற ஒரே காரணத்துக்காகக் கணவரின் கடனுக்கு யாரும் பொறுப்பாகிவிட மாட்டார்கள். கடன் கொடுத்தவர், இறந்தவர் விட்டுச்சென்ற சொத்தைத்தான் தொடர முடியும். வாரிசு கைக்கு எவ்வளவு வந்ததோ அந்த அளவுக்குத்தான் வாரிசின் பொறுப்பு. உரிமையியல் விசாரணை முறைச் சட்டத்தின் 52-வது பிரிவு இதைத் தெளிவாகவே சொல்கிறது. 10 லட்சம் சொத்தும் 15 லட்சம் கடனும் இருந்தால், மீதி 5 லட்சத்துக்கு மனைவியின் சம்பளத்தில் கைவைக்க முடியாது. அவருடைய தாய்வீட்டு நகையும் அவர் சம்பாதித்து வாங்கிய மனையும் கணவர் விட்டுச்சென்ற சொத்தே அல்ல. கணவரின் பி.எஃப். பணத்தையும் கடனுக்காக ஜப்தி செய்ய முடியாது.

கடன் ஒப்பந்தத்தில் மனைவியும் இணைக் கடனாளியாகவோ ஜாமீன்தாரராகவோ கையெழுத்திட்டிருந்தால் கதை வேறு. வீட்டுக் கடனில் வங்கிகள் பெரும்பாலும் இருவரிடமும் வாங்கிவிடுகின்றன. அப்போது பொறுப்பு உண்டு. ஆனால் மாமியாருக்கு எழுதிக் கொடுத்துவிட்டால் அந்தப் பொறுப்பு போய்விடுமா? போகாது! வங்கிக்கும் அந்தப் பத்திரத்துக்கும் சம்பந்தமே இல்லை. வீடு கைவிட்டுப் போயிருக்கும், நோட்டீஸ் மட்டும் இவர் பெயருக்கு வரும். கடனிலிருந்து காப்பாற்றுவதாகச் சொல்லி வாங்கும் பத்திரம் எந்தக் கடனிலிருந்தும் காப்பாற்றுவதில்லை. வங்கிக்குப் போய் முதலில் கேட்க வேண்டியது, அந்தக் கடனுக்குக் காப்பீடு எடுக்கப்பட்டிருக்கிறதா என்பதை. இருந்தால் மீதிக் கடனைக் காப்பீட்டு நிறுவனமே அடைக்கக்கூடும்.

பங்குக் கணக்கு சுலபமானது. உயில் எழுதாமல் இறந்த இந்து ஆணின் சொந்தச் சொத்து, 1956-ஆம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டப்படி மனைவி, மகன், மகள், தாய் ஆகியோருக்குச் சம பங்காகப் போகும். இரண்டு பிள்ளைகள் என்றால் ஆளுக்கு நாலில் ஒன்று. மாமியாருக்கும் பங்கு உண்டு, அதை மறுத்துச் சண்டை போடாதீர்கள். வயிற்றில் இருக்கும் குழந்தைக்கும் உயிரோடு பிறந்தால் பங்கு உண்டு. கிறிஸ்தவர்களுக்கு, பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு மூன்றில் ஒன்று. இஸ்லாமியர்களுக்கு எட்டில் ஒன்று.

"நாளைக்கு வேற கல்யாணம் பண்ணிக்கிட்டா சொத்து வெளியே போயிடுமே" என்பது பெரியவர்கள் வாயில் அடிக்கடி வரும் பேச்சு. கணவர் இறந்த அன்றே பங்கு மனைவிக்குச் சொந்தமாகிவிட்டது. பிறகு மறுமணம் செய்தால் அதைப் பறிக்க எந்தச் சட்டமும் இல்லை. பி.எஃப். சார்ந்த விதவை ஓய்வூதியம் மட்டும் மறுமணத்தோடு நின்றுவிடும்.

வீடு மாமனார் பெயரில் இருந்து அவரும் உயிரோடு இருந்தால், அவருடைய சொந்தச் சொத்தில் மருமகளுக்கு இன்று பங்கு இல்லை. ஆனால் "மகன் முந்திப் போயிட்டான், இனி உனக்கு எப்பவுமே இல்லை" என்பது தவறு. இந்துக் குடும்பங்களில் மாமனார் உயில் இல்லாமல் இறந்தால், மகனுக்கு வந்திருக்க வேண்டிய பங்கு மருமகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் வரும். ஆகவே "எக்காலத்திலும் உரிமை கோரமாட்டேன்" என்று எந்தத் தாளிலும் எழுதிக் கொடுக்காதீர்கள்.

துக்கத்தில் அவசரப்படுத்தப்படும் எல்லாக் காரியத்துக்கும் கெடு கிடையாது. இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். சாலை விபத்து மரணம் என்றால் இழப்பீட்டு மனுவை 6 மாதத்துக்குள் போட்டுவிடுங்கள். பாகம் பிரிக்க மட்டும் எந்த அவசரமும் இல்லை. வருஷத் திதி முடிந்து உட்கார்ந்து பேசினாலும் பங்கு அப்படியேதான் இருக்கும்.

முக்கியமாக ஒன்று. "வாரிசுச் சான்றிதழ் வாங்கப் போறோம்" என்று சொல்லிச் சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்துப் போகிறார்கள். வாரிசுச் சான்றிதழ் தருபவர் வட்டாட்சியர். அதற்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் போதும். சார்பதிவாளர் முன்னால் கைரேகையும் போட்டோவும் எடுக்கிறார்கள் என்றால் அங்கே பத்திரம் பதிவாகிறது, வேறொன்றும் இல்லை. அந்த நிமிடத்தில்கூட "நான் இதை எழுதிக் கொடுக்கவில்லை, எனக்குச் சம்மதம் இல்லை" என்று சார்பதிவாளரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அவர் பதிவை மறுத்தாக வேண்டும். மூலப் பத்திரம், பாஸ்புக், காசோலைப் புத்தகம், கணவரின் செல்போன் எல்லாம் உங்கள் கையில் இருக்கட்டும். வெற்றுத் தாளில் கையெழுத்து வேண்டவே வேண்டாம்.

பெண்ணின் அப்பாவுக்கும் அண்ணன் தம்பிகளுக்கும் ஒரு வேண்டுகோள். "எழுதிக் கொடுத்துட்டு வந்துடும்மா, நாங்க பாத்துக்கிறோம்" என்று சொல்வது பாசத்தில்தான், புரிகிறது. ஆனால் நீங்கள் விடச் சொல்வது பேரப்பிள்ளைகளின் படிப்புச் செலவை. பங்கு கேட்பவளைப் பணத்தாசை பிடித்தவள் என்று ஊர் சொல்லட்டும். அந்த நேரத்தில் அவள் பக்கத்தில் போய் நில்லுங்கள்.

ஏற்கெனவே கையெழுத்துப் போட்டாயிற்று என்றால் இடிந்துபோக வேண்டாம், தாமதமும் வேண்டாம். பத்திரத்தின் சான்றிட்ட நகலையும் வில்லங்கச் சான்றையும் எடுங்கள். ஏமாற்றியோ மிரட்டியோ வாங்கியிருந்தால், விஷயம் தெரிந்த நாளிலிருந்து 3 ஆண்டுக்குள் உரிமையியல் நீதிமன்றத்தில் ரத்து கோரி வழக்குப் போட வேண்டும். காவல் நிலையத்தில் புகார் கொடுத்ததோடு நின்றுவிட்டால் பத்திரம் ரத்தாகாது. பெண்களுக்கு வருமான வரம்பே பார்க்காமல் சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவச வழக்கறிஞர் தரும். தொலைபேசி எண் 15100. மைனர் பிள்ளைகளுக்காகவும் சேர்த்துத் தாய் கையெழுத்திட்டிருந்தால், தகப்பனின் சொந்தச் சொத்தில் அவர்களுக்கு வந்த பங்கை நீதிமன்ற அனுமதி இல்லாமல் எழுதிக் கொடுத்ததாகிறது. அந்தப் பகுதியை ரத்து செய்யப் பிள்ளைகளுக்கே தனி உரிமை உண்டு. 18 வயது நிறைந்த பிறகும் 3 ஆண்டு வரை அவர்கள் வழக்குப் போடலாம்.