முடிவு பண்ணலை என்கிறோம், தராசு எப்போதோ சாய்ந்துவிட்டது

போன வருடம் ஆலோசனைக்கு ஓர் இளைஞர் வந்தார் (அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்). கையில் இரண்டு ஆஃபர் லெட்டர். ஒன்று கோயம்புத்தூரில், வீட்டிலிருந்து பத்து நிமிடம், சம்பளம் சுமார். இன்னொன்று சென்னை சிறுசேரியில், சம்பளம் அதிகம், ஆனால் தங்கப்போவது தாம்பரத்தில் அத்தை வீட்டில் என்பதால் போக மட்டுமே ஒரு மணி நேரத்துக்கு மேல் பஸ்.

எது எவ்வளவு முக்கியம் என்று பத்துக்கு மார்க் போடச் சொன்னேன். சம்பளத்துக்கு 6, பயணத்துக்கு 8. அடுத்த வாரம் பழைய தாளைக் காட்டாமல் மறுபடி கேட்டால் சம்பளம் 9, பயணம் 4! "பஸ்ஸில் உட்கார்ந்து படிக்கலாமே சார்" என்கிறார். இடையில் நடந்தது ஒன்றே ஒன்றுதான், அவருடைய கல்லூரி நண்பன் அந்தச் சென்னை கம்பெனியில் சேர்ந்திருந்தான். நண்பன் வந்ததால் தூரம் குறையுமா என்ன? ஆனால் மனசு குறைத்துவிட்டது. கேட்டால், "இன்னும் முடிவு பண்ணலை சார்."

தேர்ந்தெடுத்த பிறகு அதையே உயர்த்திப் பேசுவது எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. உளவியலாளர் ஜாக் பிரெம் 1956-லேயே வீட்டு உபயோகப் பொருட்களை வைத்து அதைக் காட்டிவிட்டார். இது அதற்கும் முந்தைய கட்டம். டான் சைமன், கிராவ்சிக், ஹோலியோக் மூவரும் 2004-இல் வெளியிட்ட ஆய்வில் இதே மாதிரி இரண்டு வேலைகள்தான்: சம்பளம், பயணம், அலுவலக அறை, விடுமுறை. ஒரு வேலை நல்ல இடத்தில் இருக்கிறது என்ற ஒரு தகவலைச் சேர்த்ததும், அதற்குச் சம்பந்தமே இல்லாத மற்ற அம்சங்களின் மதிப்பும் அந்தப் பக்கமே நகர்ந்தது. வேண்டாத பெண்டாட்டி கைபட்டால் குற்றம், கால்பட்டால் குற்றம் என்பார்களே, அதேதான், கொஞ்சம் மரியாதையாக.

இதைத் தப்பு என்று நான் சொல்லமாட்டேன், இப்படிச் சாயாவிட்டால் பாதிப் பேர் முடிவே எடுக்கமாட்டோம். ஆனால் ஒரே ஒரு காரணத்துக்காகச் சாய்ந்துவிட்டு, நாலு காரணம் இருப்பதாக நம்புவதுதான் ஆபத்து. அதனால் வாய்ப்புகள் கைக்கு வருவதற்கு முன்பே உங்களுக்கு எது முக்கியம் என்று எழுதி, தேதி போட்டு வையுங்கள். அப்புறம், யோசனை கேட்கும்போது எந்தப் பக்கம் மனசு போகிறது என்பதைச் சொல்லாமல் கேளுங்கள், சொன்னால் பெரும்பாலும் நம் பேச்சுதான் நமக்கே திரும்பி வரும்.

முதல் தாளைக் காட்டியபோது, "இது நான் போட்டதா?" என்று தன் கையெழுத்தையே உற்றுப் பார்த்தார். சரி, திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு அந்த வழியில் ஒருமுறை போய்ப் பாருங்கள் என்றேன். போயிருக்கிறார். உட்கார இடமே கிடைக்கவில்லையாம்.