புல்லுக்குக் கீழே 30 சென்ரிமீற்றர்

வட்டவளைப் பக்கம் உதைபந்து விளையாடிப் பழகியவர்களுக்கு மழையை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஆண்டு மழைவீழ்ச்சி 5,000 மில்லிமீற்றர் அளவை எட்டும் அந்தப் பகுதி, இலங்கையின் மிக ஈரமான இடங்களுள் ஒன்று. மே மாதத்தில் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கிவிட்டால், செப்டெம்பர் வரை தேயிலைத் தோட்டத்து மைதானங்களில் பந்து உருள்வதைவிடச் சேற்றில் நிற்பதே அதிகம். உலகக்கிண்ண அரங்குகளிலோ, காலையில் கொட்டித் தீர்த்த மழைக்குப் பின்னர் நண்பகலில் ஆட்டம் குறித்த நேரத்துக்குத் தொடங்குகிறது. அதைத் தொலைக்காட்சியில் பார்க்கும்போது, எங்கோ மறைந்திருக்கும் பெரிய இயந்திரம் ஒன்று நீரை உறிஞ்சி எடுக்கிறது என்று எண்ணத் தோன்றும். சில அரங்குகளில் அத்தகைய இயந்திரங்கள் இருப்பதும் உண்மைதான். ஆயினும் வேலையின் பெரும்பகுதியைச் செய்து முடிப்பது, புல்லுக்குக் கீழே ஏறத்தாழ 30 சென்ரிமீற்றர் ஆழத்துக்குப் பரப்பப்பட்டிருக்கும் மணல்.

சர்வதேசத் தொடர்களுக்குரிய ஆடுகளம் 105 மீற்றர் நீளமும் 68 மீற்றர் அகலமும் கொண்டது. பரப்பளவு 7,140 சதுர மீற்றர். ஒரு மணி நேரத்தில் 25 மில்லிமீற்றர் மழை பெய்தால், அந்தப் பரப்பின் மீது மட்டும் 178,500 லீற்றர் நீர் விழுகிறது. களத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து இந்த நீரை வழிந்தோடச் செய்யவும் முடியாது. சாய்வு கூடினால் பந்தின் போக்கு மாறிவிடும். ஆகவே பக்கவாட்டில் போக வழியில்லாத நீர் நேராகக் கீழே இறங்கியாக வேண்டும்.

இறங்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1974 ஆம் ஆண்டு யூலை 3 ஆம் திகதி பிராங்க்பேர்ட் நகரில் நடந்த ஆட்டமே சான்று. மேற்கு ஜேர்மனி, போலந்து ஆகிய இரண்டில் உலகக்கிண்ண இறுதியாட்டத்துக்குச் செல்வது எது என்பதைத் தீர்மானித்த ஆட்டம் அது. பெருமழையில் களம் குளமாகிவிட, தீயணைப்புப் படையினர் நீர்ப்பம்பிகளைக் கொண்டுவந்து இறைத்தார்கள். உருளைகளைத் தள்ளித் தேங்கிய நீரை ஓரத்துக்கு ஒதுக்கினார்கள். ஆட்டம் பிந்தித் தொடங்கியது. தொடங்கிய பின்னும், உதைத்த பந்து சில அடி தூரம் போய் நீருக்குள் நின்றுவிடுவதை அன்றைய ஒளிப்பதிவுகளில் காணலாம். கேர்ட் முல்லர் போட்ட ஒரேயொரு கோலால் மேற்கு ஜேர்மனி வென்றது. அந்த ஆட்டத்தை ஜேர்மனியர்கள் இன்றும் "நீர்ப்போர்" என்றே அழைக்கிறார்கள்.

மண்ணுக்குள் நீர் எவ்வளவு விரைவாக இறங்கும் என்பது, துகள்களுக்கிடையே உள்ள துளைகளின் பருமனைப் பொறுத்தது. களிமண்ணில் துளைகள் எண்ணிக்கையில் மிக அதிகம். ஆனால் ஒவ்வொன்றும் மிக நுண்ணியது. ஆட்டக்காரர்களின் சப்பாத்து மிதித்து இறுகிய களிமண்ணில் நீர் மணிக்கு ஒரு மில்லிமீற்றர்கூட இறங்காமல் போகலாம். நடுத்தரப் பருமனுள்ள, அதாவது பெரும்பாலான துகள்கள் கால் மில்லிமீற்றருக்கும் ஒரு மில்லிமீற்றருக்கும் இடைப்பட்ட மணலிலோ, நீர் மணிக்கு 150 மில்லிமீற்றருக்கும் மேல் இறங்கும். எவ்வளவு மிதித்தாலும் அதன் துளைகள் எளிதில் அடைபடுவதில்லை.

அப்படியானால் மணலைக் கொட்டிவிட்டால் போதுமே என்று தோன்றும். ஆனால் வடிகிற மணல் காய்ந்தும் போகும். காய்ந்த மணலில் புல் நிற்காது. மழை பெய்யும்போது நீரை விட்டுவிடவும், மழை நின்றதும் வேருக்கு வேண்டியதைப் பிடித்து வைத்துக்கொள்ளவும் ஒரே படுக்கையைப் பழக்குவதுதான் இதிலுள்ள நுட்பம். இதை முதலில் முறைப்படுத்தியவர்கள் உதைபந்துக்காரர்களே அல்லர். ஐக்கிய அமெரிக்கக் கோல்ஃப் சங்கம் 1960 இல் தன் புற்றரைகளுக்காக வெளியிட்ட விவரக்குறிப்பின் அடிப்படையைத்தான் பல பெரிய அரங்குகள் பின்பற்றுகின்றன: மேலே 30 சென்ரிமீற்றர் மணல், அதற்குக் கீழே 10 சென்ரிமீற்றர் சரளைக்கல், சரளைக்கு அடியில் மீன்முள் வடிவில் துளையிட்ட குழாய்கள்.

இந்த அடுக்கின் இயக்கத்தைப் புரிந்துகொள்ள ஒரு தேநீர் வடி போதும். சாயத்தை வடித்துவிட்டுச் சொட்டுவது நிற்கும் வரை காத்திருங்கள். பின்னர் வடியின் அடியை விரலால் தொட்டால் மேலும் சில சொட்டுகள் விழும். அதுவரை அந்த நீர் எங்கே இருந்தது? தேயிலைத் தூளின் நுண்ணிய இடைவெளிகளில், பரப்பிழுவிசை அதைப் பிடித்து வைத்திருந்தது. கீழே வெறும் காற்றுவெளி இருந்ததால், விழ வேண்டிய நீர் விழாமல் தொங்கிக்கொண்டிருந்தது. விரல் பட்டதும் அதற்குத் தொடர்ச்சியான ஒரு வழி கிடைத்தது. மணலும் சரளையும் சந்திக்கும் இடத்தில் நடப்பது இதுவே. நீர் வடிந்தோட இடைவெளி நிறைந்த சரளை கீழே இருக்கிறது; ஆனால் அந்த இடைவெளிகள் பெரியவை என்பதாலேயே, மணலின் நுண்துளைகள் பற்றியிருக்கும் நீரை அவற்றால் இழுத்தெடுக்க முடிவதில்லை. மேலிருந்து புதிய மழைநீர் வந்து பாரம் கூடும்போதுதான், மணலின் அடியிலுள்ள நீர் பிடி தளர்ந்து சரளைக்குள் விழுகிறது.

30 சென்ரிமீற்றர் என்ற அளவும் கண்மூடித்தனமாகத் தெரிவு செய்யப்பட்டதன்று. விட்டம் 0.1 மில்லிமீற்றர் உள்ள ஒரு மயிர்த்துளையில் நீர் தானாக எழக்கூடிய உயரம் ஏறத்தாழ 30 சென்ரிமீற்றர்; ஒரு மில்லிமீற்றர் துளையில் அது 3 சென்ரிமீற்றர் மட்டுமே. ஆகவே மழை நின்று வடிந்த பின்னர், மணலின் அடிப்பகுதி கிட்டத்தட்ட முழுமையாக நனைந்திருக்கும், மேலே போகப் போகப் பெரிய துளைகள் ஒவ்வொன்றாக வெறுமையாகிக் காற்று நிரம்பும், மேற்பரப்பில் 0.1 மில்லிமீற்றரைவிட நுண்ணிய துளைகளில் மட்டும் ஈரம் எஞ்சும். வேருக்கு நீரும் காற்றும் கிடைக்கின்றன, சப்பாத்துக்கு உறுதியான தரை கிடைக்கிறது. மணலின் ஆழத்தை 10 சென்ரிமீற்றராகக் குறைத்தால் மேற்பரப்பு சதுப்பாகும். இரு மடங்காக்கினால் புல் வாடும்.

மணலின் கன அளவில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு துளைவெளி என்றும், அதில் பாதி வடிந்த பின் காற்றால் நிரம்பியிருக்கும் என்றும் கொண்டால், 30 சென்ரிமீற்றர் மணல் 60 மில்லிமீற்றர் மழையைத் தன்னுள்ளேயே தாங்கிக்கொள்ளும். குழாய்களின் பங்கு அதற்குப் பிறகே தொடங்குகிறது.

மணலுக்கும் குறை உண்டு. அது நெகிழ்ந்து கொடுக்கும்; வேகமாகத் திரும்பும் ஆட்டக்காரனின் காலடியில் புல் துண்டு துண்டாகப் பெயர்ந்து வரும். அதற்காகவே இன்றைய களங்கள் பலவற்றில், தையல் இயந்திரம் துணியைத் தைப்பது போலச் செயற்கை இழைகளை ஏறத்தாழ 20 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு மணலில் செருகுகிறார்கள். இயற்கைப் புல்லின் வேர்கள் அவற்றைச் சுற்றிப் பின்னிக்கொள்கின்றன.

கூரை போட்டுவிட்டால் இவ்வளவு பாடும் தேவையில்லையே என்று கேட்பவர்கள் உண்டு. கூரையை நம்பியவர்களின் கதை அவ்வளவு உற்சாகமானதன்று. 1996 இல் திறக்கப்பட்ட அம்ஸ்டர்டாம் அரங்கில், உயர்ந்த பார்வையாளர் மேடைகளும் கூரையும் வெயிலை மறைத்ததால் புல் திரும்பத் திரும்பச் செத்தது. புற்றரையை அடிக்கடி மாற்ற வேண்டியிருந்தது. அங்கும் வேறு பல அரங்குகளிலும் இன்று சில்லுகள் பூட்டிய விளக்குத் தட்டிகளைக் களத்தில் உருட்டிச் சென்று புல்லுக்கு ஒளியூட்டுகிறார்கள். வார்சோ நகரில் 2012 ஒக்டோபர் 16 ஆம் திகதி, மூடக்கூடிய கூரை இருந்தும் மழையில் அது திறந்தே விடப்பட்டுக் களத்தில் நீர் தேங்கியதால், போலந்து – இங்கிலாந்து ஆட்டம் மறுநாளுக்குத் தள்ளிப்போனது. பிராங்க்பேர்ட் அரங்கோ மீண்டும் கட்டப்பட்டுக் கூரையும் பெற்ற பின்னர், 2005 இல் பிரேசிலும் ஆர்ஜென்டினாவும் மோதிய கூட்டமைப்புக் கிண்ண இறுதியாட்டத்தின்போது, மூடிய கூரையில் சேர்ந்த மழைநீர் அருவியாகக் களத்தின் ஓரத்தில் கொட்டியது. அந்த இடத்துக்கும் மழைக்கும் ஏதோ பழைய கணக்கு இருக்கிறது போலும்.

2014 யூன் 26 ஆம் திகதி, பிரேசிலின் ரெசிஃபே நகரில் தெருக்களே வெள்ளத்தில் மூழ்கியிருந்தபோது, நகரின் புறத்தே அந்த உலகக்கிண்ணத்துக்காகக் கட்டப்பட்ட அரங்கில் ஜேர்மனியும் ஐக்கிய அமெரிக்காவும் மோதின. ஆட்டம் நடந்தது, ஈரத்தில் பந்து வழுக்கி ஓடியதே தவிர நின்றுவிடவில்லை. இம்முறையும் ஜேர்மனி ஒரேயொரு கோலால் வென்றது. போட்டவரின் பெயரும் முல்லர்தான், தோமஸ் முல்லர். இருவருக்கும் உறவு கிடையாது.

நமது தோட்டத்து மைதானத்தின் சிக்கல் இவற்றிலிருந்து சற்று வேறானது. சரிவை ஒருபுறம் வெட்டி, அந்த மண்ணை மறுபுறம் நிரப்பிச் சமமாக்கிய நிலம் அது. சிவப்பு மஞ்சள் பொட்சொலிக் எனப்படும் மலையகத்தின் களித்தன்மையுள்ள மண், வெட்டிய பக்கத்தில் இறுகிக் கிடக்கும். வானத்திலிருந்து விழும் நீருடன், வெட்டுமேட்டின் அடியிலிருந்து கசியும் மலைநீரும் அதில் வந்து சேர்கிறது. இறுதியாட்டத்துக்கு முதல் நாள் இரண்டு லொறி மணலைக் கொண்டுவந்து சேற்றின் மேல் பரப்புவது பல இடங்களில் வழக்கம். இதுவரை சொன்னதைக் கொண்டு பார்த்தால், அது பலன் தராது என்பது விளங்கும். களிமண்ணின் மேல் சில சென்ரிமீற்றர் மணல் என்பது, வடியாத பாத்திரத்தில் வைத்த நனைந்த பஞ்சு; அது மேலும் சதசதக்கும்.

மணலை இப்படி மேலே பரப்பாமல், களத்தின் குறுக்கே ஒரு மீற்றருக்கு ஒன்றாக, ஐந்து சென்ரிமீற்றர் அகலத்தில் ஒரு முழத்துக்குக் குறையாத ஆழமான கீறல்கள் வெட்டி அவற்றில் நிரப்பலாம். கீறல்களின் அடி, கல் நிரப்பிய ஒரு வடிகானைத் தொட வேண்டும். மணல் மேற்பரப்பு வரை வந்திருக்க வேண்டும், அதன் மேல் மண் போட்டு மூடக்கூடாது. அதற்கு முன் செய்ய வேண்டியது, வெட்டுமேட்டின் அடி நெடுகிலும் ஆழமான ஒரு கான் வெட்டி, மலையிலிருந்து கசியும் நீர் களத்துக்குள் வருவதற்கு முன்னரே அதைத் திருப்பிவிடுவது. தேயிலை மலைகளில் தலைமுறை தலைமுறையாகக் கான் வெட்டியவர்களுக்கு, அந்தக் கான் எங்கே தொடங்கி எந்தப் பக்கம் சாய வேண்டும் என்பதை எந்தப் பொறியியலாளரும் வந்து காட்ட வேண்டியதில்லை.